நாலேகால் மணிப் பதிவுகள்

டீச்சர்,

இன்று காலை உங்கள் வகுப்பறையின் ஸ்மார்ட் போர்டு தானாக ஒரு கோடு போட்டது.

யாரும் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் எல்லாம் பிரேயருக்குப் போயிருந்தார்கள். நான் போர்டை ஆன் செய்துவிட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் திரையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, நடுங்கிக்கொண்டே கீழே இறங்கி, பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் முதன்முதலாகப் போர்டுப் பேனாவைப் பிடித்துப் போட்ட கோடும் அப்படித்தான் இருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். போர்டின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. விரல் அதை மறைத்தால், யாரோ தொடுவதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும். உங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு சட்டத்தில் ஒட்டினால், அதையும் விரல் என்றே இந்த முட்டாள் போர்டு நினைத்துக்கொள்ளும். பதினோரு பள்ளிக்கூடங்களில் இதைச் சிரித்துக்கொண்டே விளக்கியிருக்கிறேன். "பேயெல்லாம் இல்லை டீச்சர், பஞ்சு" என்பேன். இன்றைக்கு எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

தினமும் காலையில் சட்டத்தைத் துடைத்தவர் நீங்கள். பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்டில் கிடைத்த ஒரு வெள்ளைப் பனியன் துண்டை அதற்கென்றே ஆணியில் மாட்டி வைத்திருந்தீர்கள். அது இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. பள்ளி திறந்து ஒரு மாதமாக யாரும் அதை எடுக்கவில்லை போலிருக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சாக்பீஸ் தூளும் உங்கள் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை.

நான் வந்த காரியம் வேறு. "புது டீச்சர் வந்துட்டாங்க மேடம். பழைய டீச்சரோட பேரு, அவங்க ஃபைலு எல்லாத்தையும் போர்டுல இருந்து எடுத்து உட்டுருங்க" என்று தலைமையாசிரியர் போன் செய்திருந்தார். பத்து நிமிட வேலை. அழிப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பது என் வழக்கம். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் பத்தொன்பது வீடியோக்கள். ஒவ்வொன்றும் பதிவான நேரம் பக்கத்தில் இருந்தது. எல்லாமே நாலேகால் மணியை ஒட்டி. பள்ளி விட்டு, பிள்ளைகள் போனபின்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியவை.

நாம் முதலில் பார்த்தது போன வருஷம் ஆடி மாதத்தில். பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை, பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தது. அதை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை வேலைக்கு வைத்திருந்தது. உங்கள் வயதில் பாதிதான் எனக்கு. ஆனாலும் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்றீர்கள். மேடம் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நான் கெஞ்சியபிறகு, ஒரு வாரம் கழித்து, "கண்ணு" என்று ஆரம்பித்தீர்கள். அதன்பிறகு மாற்றவே இல்லை.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். தெற்கே விளாத்திகுளம் பக்கம், அப்பாவும் அம்மாவும் பனியன் வேலைக்கு வந்தவர்கள், அம்மா இன்னும் செக்கிங்கில் இருக்கிறாள் என்றேன். "அதானுங்களா, பேச்சு படபடன்னு வருது" என்று சிரித்தீர்கள். என் பேச்சு மட்டுமல்ல டீச்சர், என் கையும் அப்படித்தான். உங்களுக்கு அது முதல் நாளே தெரிந்துபோயிருக்கும்.

போர்டுப் பேனாவை நீங்கள் கையில் எடுத்து, எந்தப் படத்தை அமுக்குவது என்று தேடுவீர்கள். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் படிப்பீர்கள். என்னால் அந்த அரை நிமிடத்தைப் பொறுக்க முடியாது. "குடுங்க டீச்சர், நானே போட்டுத் தாரேன்" என்று பேனாவை வாங்கிவிடுவேன். டப் டப்பென்று நாலு இடத்தில் தட்டினால் பாடம் திறந்துவிடும். "அட, எத்தனை வேகம்!" என்பீர்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கணக்கு நடத்தியதை ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை கரும்பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் டையிங்கில் சாயம் ஏற்றும் வேலை. நம் பேச்சே அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது. பாதிக் கணக்கில் நின்றுவிட்டாள். சாக்பீஸ் போர்டின்மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் அந்தக் கணக்கைப் போட்டுவிடலாமா என்று இருந்தது. எவ்வளவு நேரமோ போனபிறகு, அவள் ஓர் எண்ணை அழித்தாள், வேறு ஒன்றை எழுதினாள், இறங்கிவிட்டாள். நீங்கள் அப்போதுதான் மூச்சு விட்டது போலிருந்தது.

இடைவேளையில் கேட்டேன். "ஏன் டீச்சர், ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லுவனுங்க. கேக்குற வரைக்கும் பக்கத்துல நிப்பேன். ஆனா சாக்பீஸை மட்டும் புடுங்கமாட்டேன். புடுங்குனா அது என்ற கணக்காயிருமுங்க கண்ணு. அப்பறம் அந்தப் புள்ளைக்கு அதுல என்ன இருக்குது?"

அதைக் கேட்டுத் தலையாட்டினேன். நல்ல கருத்து என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த பீரியடில் உங்கள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவே இல்லை.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் இருந்தவள். திருப்பூரில் வளர்ந்த எல்லோருக்கும் ஷிப்மென்ட் தேதி என்றால் என்னவென்று தெரியும். அன்றைக்குப் பெட்டி லாரியில் ஏறியாக வேண்டும். வேலை முடிந்ததா என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் மெயிலில் கேட்டால், முடிந்தது என்று முதலில் எழுதுவோம், அப்புறம் முடிப்போம். அந்தப் புத்தியோடுதான் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தேன். அறக்கட்டளைக்கு நான் வாரா வாரம் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்த ஆசிரியர் எத்தனை ஆன்லைன் பயிற்சிப் பாடம் முடித்தார் என்று அதில் வரும். முடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, முடிக்காதவருக்குச் சிவப்பு. கார்த்திகை பிறந்தபோது என் பதினோரு பள்ளிகளிலும் சிவப்பாக இருந்தது உங்கள் பெயர் ஒன்றுதான்.

நீங்கள் இரண்டாவது பாடத்தில் இருந்தீர்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பார்த்தீர்கள். பன்னிரண்டு பாடம் முடிய மாசியாகிவிடும். எனக்கோ அந்த மாதக் கடைசிக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும். உங்கள் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. நீங்களே எழுதிக் கொடுத்ததுதான். மறந்துவிட்டால் நான் சொல்வேன் என்ற நம்பிக்கையில் கொடுத்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்து அதைச் செய்தேன். ஒரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் முடிவதற்குள், வீடியோக்களை ஓடவிட்டு, கேள்விகளுக்கு நானே டிக் அடித்து, மீதிப் பத்துப் பாடங்களையும் முடித்துவிட்டேன். உங்கள் பெயர் பச்சையானது. எனக்கு அப்போது ஏதோ உதவி செய்துவிட்டது போல இருந்தது, டீச்சர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தீர்கள்.

"நானு இன்னும் படிச்சே முடிக்கலீங்களே கண்ணு."

"அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி டீச்சர். எல்லாருக்கும் இப்படித்தான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே முடிச்சிட்டேன்."

"என்ற பேரு போட்டிருக்குது. ஆனா இது என்றது இல்லீங்களே."

மற்ற டீச்சர்கள் சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டினார்கள். நீங்கள் நாலாக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தீர்கள். நான் அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

தை மாதத்தில் அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போர்டு வாங்கிக் கொடுத்தவர்கள், அது எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு வகுப்பைப் பார்க்க விரும்பினார்கள். எந்த வகுப்பு என்பதை அறிக்கையைப் பார்த்துத் தேர்வு செய்தார்கள். ஓய்வுபெற இரண்டு வருஷமே இருக்கும் ஓர் ஆசிரியை ஒரே வாரத்தில் பத்துப் பாடம் முடித்திருக்கிறார், அவருடைய வகுப்பையே பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். பாடங்களை முடித்தது நான், அவர் இல்லை என்று ஒரு வரி. சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தீர்கள். பின்னங்கள் பாடம். நாலு பேர் நாற்காலியில், தலைமையாசிரியர் பக்கத்தில், நான் பின்சுவரில் சாய்ந்துகொண்டு. போர்டை ஆன் செய்தீர்கள். அது திடீரென்று பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. அதைத் தாண்டினீர்கள். பின்னம் பாடத்தைத் திறந்தீர்கள். ஒரு வட்டத்தை நாலு துண்டாக வெட்டிக் காட்ட வேண்டும். பேனா கையில் இருந்தது. எந்தப் படத்தை அமுக்குவது என்று தேடினீர்கள். தேடிக்கொண்டே இருந்தீர்கள். பிள்ளைகள் பின்னாலிருந்து, "டீச்சர் அது, கீழ, கீழ" என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் முன்னால் வந்தேன். "குடுங்க டீச்சர்" என்றேன். உங்கள் விரல்கள் பேனாவை விடவில்லை. ஒரு கணம்தான். பிறகு விட்டன. நான் கத்தரிப் படத்தை அமுக்கி, வட்டத்தை நாலாக வெட்டி, துண்டுகளைத் தள்ளி வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் வகுப்பில், உங்கள் பிள்ளைகள் முன்னால், எனக்குக் கைதட்டினார்கள்.

தலைமையாசிரியர் சங்கடத்தோடு சிரித்துக்கொண்டு, "டிரெயினிங்கு எல்லாம் முடிச்சிருக்கீங்களேங்க டீச்சர், சர்ட்டிஃபிகேட்டே இருக்குதே" என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். அந்த ஒடிசாப் பிள்ளைக்காகக் காத்திருந்தது போலவே. நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"வயசாச்சுங்க சார், மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, போர்டின் பக்கமிருந்து நகர்ந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தீர்கள். என் வண்டியின் சத்தத்தை வைத்து என்னைக் கேலி செய்வீர்களே, மூன்று முறை இருமிவிட்டு நாலாவது முறைதான் கிளம்பும் என்று. அன்றைக்கு அது முதல் தடவையே கிளம்பிவிட்டது. திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"கண்ணு, ஒண்ணே ஒண்ணு. நானு போர்டுல பண்றதையும் பேசறதையும் அது அப்படியே பதிஞ்சு வெக்குமுங்களா?"

"வைக்கும் டீச்சர். ஓரத்துல செகப்பா ஒரு வட்டம் இருக்கும். அதை ஒரு தடவை அமுக்குனா ஆரம்பிக்கும், இன்னொரு தடவை அமுக்குனா நின்னுரும்."

"செரிங்க கண்ணு, பாத்துப் போங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுவிடுவதற்குள் போக வேண்டும் என்று ஒரு சாக்கு. அதுதான் நாம் முகம் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பிறகு நாலு முறை உங்கள் பள்ளிக்கு வந்தேன். ஆறாம் வகுப்புக்குப் போனேன், ஏழாம் வகுப்புக்குப் போனேன். உங்கள் ஐந்தாம் வகுப்பு வாசலைத் தலை குனிந்து தாண்டினேன். அடுத்த முறை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். லீவு விட்டாயிற்று. ஜூனில் முதல் வேலை அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில், பயிற்சி வாட்ஸப் குரூப்பில் உங்கள் படம் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். சேவூரில் உங்கள் வீட்டில், காலையில் டீ குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. உங்கள் வீட்டுக்காரரிடம், "நான் டீச்சருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவ" என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களைப் பத்தி நெறையச் சொல்லுவாங்க சாமி" என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதோடு முடியவில்லை. என் வார அறிக்கையில் உங்கள் பெயர் இன்னும் வருகிறது. முழுப் பச்சை. ஜூன் முதல் திங்கட்கிழமை உங்கள் நம்பருக்கு அந்த ஆப் தானாக ஒரு செய்தி அனுப்பியது. அதன் நகல் எனக்கும் வரும். "அன்புள்ள ஆசிரியரே, உங்கள் அடுத்த பயிற்சி காத்திருக்கிறது." ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அந்தப் பத்தொன்பது பதிவுகள்.

முதல் பதிவைத் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை. உங்கள் முகம் அதில் வராது. போர்டில் போடும் கோடும் குரலும் மட்டும்தான் பதிவாகும். நிட்டிங் மெஷினின் சத்தம். ஒரு தொண்டைச் செருமல். "எல்லாரும் உக்காருங்க சாமி. இன்னைக்கு நாம பின்னம் பாக்கப்போறோம்" என்று ஆரம்பித்தீர்கள். காலி பெஞ்சுகளுக்கு. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டீர்கள், அவர்கள் பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி விட்டீர்கள், "சபாஷ்" என்றீர்கள். வட்டத்துக்குப் பதிலாக ஒரு டீ ஷர்ட் படம் போட்டீர்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை. நாலு துண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாக எது புரியும்? அந்தப் பயிற்சியில் யாருக்கும் தோன்றாத உதாரணம் அது. பேக்கரியில் டிக் அடித்த எனக்கும் தோன்றவில்லை.

வெட்ட வேண்டிய இடம் வந்தது. பேனா திரையில் அலைந்தது, அங்கங்கே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நின்றது.

"இதுக்கப்பறம் எதைங்க அமுத்தோணும் கண்ணு?"

என்னைத்தான் கேட்டீர்கள். யாருமில்லாத அறையில், பக்கத்தில் நான் நிற்பது போல. பிறகு மௌனம். மெஷின் மட்டும் ஓடியது. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு நகரவில்லை நீங்கள். பதிலுக்குக் காத்திருந்தீர்கள். அப்புறம், "செரி, நானே பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்தினீர்கள்.

இரண்டாவது பதிவிலும் அதே இடம், அதே கேள்வி, அதே மௌனம். மூன்றாவதிலும். ஐந்தாவதில் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "கத்தரி மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க டீச்சர், கீழ." என் குரல் காலி அறையில் பெரிதாகக் கேட்டது. நீங்கள், "செரி, நானே பாக்கறனுங்க" என்றீர்கள்.

பதினோராவது பதிவை நான் பார்த்திருக்கவே கூடாது. அதிலும் கேட்டீர்கள், "இதுக்கப்பறம் எதைங்க அமுத்தோணும் கண்ணு?" மௌனம். அந்த மௌனத்தில், ஜன்னலுக்கு வெளியே, ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம். மூன்று முறை இருமிவிட்டு, நாலாவது முறை கிளம்பியது. கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஏறி, தேய்ந்து மறைந்தது.

நான் அங்கேதான் இருந்தேன், டீச்சர். அன்றைக்கு உங்கள் ஜன்னலைத் தாண்டிப் போனதும் ஞாபகம் வந்துவிட்டது. போர்டுக்கு முன்னால் உங்கள் முதுகு தெரிந்தது. யாருக்கோ டியூஷன் எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் திரும்பிவிடுவதற்குள் நழுவினேன். என் வண்டிச் சத்தம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பதிவில் சற்று நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பஞ்சாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பஞ்சு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

முதல் பதிவு ஓடும்போதே பிரேயர் முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டிருந்தார்கள். அவர்களை இன்றைக்கு மரத்தடியில் உட்காரவைத்துக்கொள்ளும்படி புது டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி வைத்திருந்தேன். மீதியையும் பார்த்தேன்.

பத்தொன்பதாவது பதிவு ஏப்ரலில், பரீட்சைக்கு முந்தின வாரம். முழுப் பாடம். எங்கும் நிற்கவில்லை. டீ ஷர்ட்டை நாலாக வெட்டினீர்கள், துண்டுகளைத் தனித்தனியாக நகர்த்தினீர்கள், இரண்டு கைகளையும் சேர்த்து அரை என்று காட்டினீர்கள். முடித்துவிட்டு, சிரிப்பும் மூச்சுமாக, "வந்துருச்சுங்க கண்ணு! வந்துருச்சு!" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பதிவை நிறுத்த மறந்துவிட்டீர்கள்.

அதனால் எல்லாம் இருக்கிறது. டிபன் டப்பாவைப் பையில் போடும் சத்தம். ஆணியிலிருந்து துணியை எடுத்துச் சட்டத்தைத் துடைக்கிறீர்கள். துணியையும் போர்டு விரல் என்றே நினைத்தது. திரையின் நாலு ஓரங்களிலும் சிவப்புக் கோடுகள் உங்கள் கை போன போக்கில் ஓடி வந்து ஒரு சட்டமாகச் சேர்ந்தன. பிறகு ஜன்னல் சாத்தப்பட்டது. செருப்புச் சத்தம். பூட்டு. அதற்குமேல் நாற்பது நிமிடம் அந்தக் கோடுகளும் மெஷின் சத்தமும்தான், கரண்ட் போகும் வரைக்கும். நான் நாற்பது நிமிடத்தையும் பார்த்தேன். ஓட்டிவிட மனம் வரவில்லை.

பின்னம் பாடம் உங்கள் வகுப்பில் தையிலேயே முடிந்துவிட்டது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்காகத் தயார் செய்திருக்கிறீர்கள். ஜூனில் உங்கள் கையால் நடத்த.

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். "சார், டீச்சரோட டிரெயினிங்கை முடிச்சது நான்தான். அவங்களுக்குத் தெரியாம, அவங்க பாஸ்வேர்டுல. அன்னைக்கு அவங்க மறக்கல. அவங்களுக்கு யாரும் சொல்லியே குடுக்கல. நான் சொல்லிக் குடுக்கல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அட அதுக்கென்னங்க மேடம், எல்லாப் பக்கமும் அப்படித்தானுங்களே நடக்குது. அவங்களே போயிட்டாங்க. இப்பப் போயி எதுக்கு மனசைப் போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

அவ்வளவுதான். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. மன்னிக்க வேண்டியவர் சேவூர் மண்ணில் இருக்கிறார். அறக்கட்டளைக்கும் எழுதிவிட்டேன். உங்கள் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் அந்தப் பச்சை பொய், எடுத்துவிடுங்கள் என்று. என்ன செய்வார்களோ தெரியாது.

மதியம் புது டீச்சரை போர்டுக்கு முன்னால் நிறுத்தினேன். உடுமலைப்பேட்டைப் பெண், சின்ன வயசு. பேனாவைத் தொடுவதற்கு முன்னாலேயே, "மேடம், என் பாஸ்வேர்டு எழுதித் தர்றேனுங்க, அந்த ஆன்லைன் பாடத்தை எல்லாம் நீங்களே முடிச்சுக் குடுத்துருவீங்கன்னு சொன்னாங்க" என்று ஒரு சீட்டை நீட்டினாள். அதை நான் வாங்கவில்லை.

பின்னம் பாடத்தைத் திறந்தாள். வெட்டும் இடத்தில் நின்றாள். பேனா அலைந்தது. என் வலது கை தானாக நீண்டது. அதை இழுத்து, முதுகுக்குப் பின்னால் இடது கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் உங்கள் துணி இருந்தது. அதைக் கசக்கிக்கொண்டே நின்றேன். அவள் திரும்பி, "இதுக்கப்புறம் எதை அமுக்கறதுங்க மேடம்?" என்றாள்.

கேட்டுவிட்டாள். கேட்டால் சொல்லலாம் அல்லவா? "கீழ, கத்தரி மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க" என்றேன். அவள் தேடினாள். தேடட்டும் என்று நின்றேன். கண்டுபிடித்தாள்.

பதிவுகளை அழிக்கவில்லை. தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். போர்டில் உங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். வேறு வழியில்லை. பத்தொன்பதாவதை இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று புது டீச்சர் கேட்டாள். காட்டலாம், வெட்டும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையை எழுப்பி விடுங்கள் என்றேன்.

இனி எந்தப் பள்ளியில் இருந்தாலும் நாலேகால் ஆனால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். கேட்காமல் இருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், டீச்சர். எப்போதுமே தெரிந்திருந்தது. நீங்கள் கேட்டபோது நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேன்.